சக்கரத்துக்கு நிறம்: தங்கவயல் குறிப்புகள்

பெங்களூரிலிருந்து மாரிகுப்பம் வரும் மாலை ரயிலில் இரண்டு சைக்கிள் சக்கரங்களை மடியில் வைத்தபடி கோலார் தங்கவயலுக்கு, எங்கள் ஊருக்கு, வந்து சேர்ந்தேன். வேலை முடிந்து திரும்பும் கூட்டம். பக்கத்திலிருந்த பெரியவர் ஒன்றை வாங்கித் தூக்கிப் பார்த்துவிட்டு, "இன்னாப்பா, உள்ள ஒண்ணுமே இல்லியா?" என்று கேட்டார். எடை அவரை அப்படிக் கேட்க வைத்தது.

கார்பன் ஃபைபர் ரிம். 50 மி.மீ. ஆழம், சக்கரத்துக்கு 24 கம்பி, டிஸ்க் பிரேக். செகண்ட் ஹேண்டில் வாங்கியவை. மேல்பூச்சு வெயிலில் மங்கி, சில இடங்களில் மோர் தெளித்ததுபோல் வெளுத்திருந்தது. பழைய ஸ்டிக்கர் பாதி கிழிந்து பாதி ஒட்டியிருந்தது. நிறம் பூசியே ஆக வேண்டும்.

நானே பூசுவதா, பெயிண்டரிடம் கொடுப்பதா? இந்தக் கேள்விக்காகத்தான் நோட்டைத் திறந்தேன்.

*

தாத்தாவின் சைக்கிளுக்கு அப்பா பெயிண்ட் அடித்ததைப் பார்த்திருக்கிறேன். முன் சக்கரத்தில் 32 கம்பி, பின் சக்கரத்தில் 40. அந்தக் காலத்து ரோட்ஸ்டர் சைக்கிள்களுக்கு அதுதான் கணக்கு. துருவை உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு ஒரு கை, எனாமல் இரண்டு கை, பிரஷ்ஷால்தான். லைன் வீட்டு வாசலில் கயிறு கட்டித் தொங்கவிட்டுக் காயவைத்தார். அங்கங்கே வடிந்திருந்தது, ஈ ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. யாருக்கும் அதனால் ஆபத்தில்லை. இரும்பில் பெயிண்ட் வேலை தப்பினால் அழகு கெடும், அவ்வளவுதான்.

கார்பன் அப்படி இல்லை. அதில் அழகைக் கெடுக்காமலே பலத்தைக் கெடுத்துவிட முடியும். பளபளவென்று மின்னும் சக்கரம் உள்ளே நைந்திருக்கலாம். இந்த வித்தியாசம் புரியாமல் இருக்கும்வரை கையில் உப்புத்தாளை எடுக்கக்கூடாது என்று முதல் பக்கத்திலேயே எழுதிவைத்தேன்.

*

கார்பன் இழை ஒன்றின் விட்டம் சுமார் 7 மைக்ரான். தலைமுடி அதைப்போல் பத்து மடங்கு தடிமன். ஆயிரக்கணக்கான இழைகளைச் சேர்த்து நாடாவாக்கி, எபாக்சி பிசினில் ஊறவைத்து, அடுக்கடுக்காக அச்சில் வைத்து, அழுத்தி, சூடாக்கி இறுக வைத்தால் ரிம். இழுவையைத் தாங்குவது இழை. இழைகளைக் கூட்டாகப் பிடித்து வைப்பது பிசின். அதன்மேல் ஒரு கண்ணாடிப் பூச்சு.

இரும்புக்குப் பெயிண்ட், துருவுக்குக் காவல். கார்பன் துருப்பிடிக்காது. ஆனால் எபாக்சிக்கு வெயில் ஆகாது. புற ஊதாக் கதிர் பட்டுப் பட்டு மஞ்சளாகும், பிறகு மேல்தளம் பொடியும். கண்ணாடிப் பூச்சு இருப்பது அந்த வெயிலைத் தடுக்க. ஆகவே மங்கிய மேல்பூச்சைப் புதுப்பிப்பது வெறும் அலங்காரம் இல்லை, பராமரிப்பு. செலவு செய்ய எனக்கு இந்த ஒரு நியாயம் போதும்.

அந்தக் கண்ணாடிப் பூச்சு பெரும்பாலும் ஒரு தலைமுடியின் தடிமன்கூட இருக்காது. அதைத் தாண்டி ஒரு தேய் தேய்த்தால் இழை அறுபடும். தேய்க்கும் தண்ணீர் வெள்ளையாக வந்தால் பூச்சு கரைகிறது. கறுப்பாக வந்தால் கார்பனைத் தொட்டாயிற்று. அங்கேயே கையை எடுக்க வேண்டும்.

*

தட்டிக் கேட்பது.

சுரங்கத்தில் வெடி வைத்த பிறகு உள்ளே போகிறவர்களின் முதல் வேலை, மேல்பாறையைக் கடப்பாரையால் தட்டிப் பார்ப்பது. கணீரென்று ஒலித்தால் பாறை பிடிப்போடு இருக்கிறது. பொத்தென்று கேட்டால் உள்ளே விட்டிருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் விழும். எங்கள் ஊர்த் தங்கச் சுரங்கத்தில் வேலை செய்த தாத்தா, வீட்டுச் சுவரைக்கூட விரல் மடக்கித் தட்டிப் பார்ப்பார். பழக்கம்.

கார்பன் ரிம்முக்கும் அதே சோதனைதான். ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து, ரிம்மைச் சுற்றி விரல் அகலத்துக்கு ஒரு தட்டு. ஒலி ஒரே மாதிரி வர வேண்டும். கம்பி மாட்டும் துளைகளுக்கு அருகே ஒலி கொஞ்சம் மாறும். அது ஒவ்வொரு துளைக்கும் ஒரே மாதிரி மாறினால் சரி. எங்கோ ஓரிடத்தில் மட்டும் செத்த ஒலி வந்தால், அடுக்குகள் உள்ளே பிரிந்திருக்கலாம். அந்தச் சக்கரத்துக்குப் பெயிண்ட் வேண்டாம். கார்பன் பழுது தெரிந்தவரிடம் காட்ட வேண்டும், இல்லையென்றால் கழித்துவிட வேண்டும்.

எங்கள் ஊரில் பாறை வெடிப்பை 'ஏர் பிளாஸ்ட்' என்பார்கள். மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் போன சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பாறை தாங்கிய அழுத்தமெல்லாம் ஒரு நொடியில் வெடித்து வெளியே வரும். மேலே வீடுகளில் பாத்திரம் உருளும். இரும்பு வளைந்து காட்டிவிட்டுத்தான் உடையும். பாறை அப்படிக் காட்டாது. கார்பனும் பெரும்பாலும் காட்டாது. தட்டிக் கேட்பதைத் தவிர நம்மிடம் பெரிய வழி இல்லை.

இது சக்கரத்தின் சொந்தக்காரர் செய்ய வேண்டிய வேலை. பெயிண்டருக்கு இது தெரிந்திருக்கும் என்று எதிர்பார்ப்பது தவறு. பெயிண்ட் ஏறிய பிறகு மயிரிழை விரிசல் மறைந்துவிடும். அதனால் முதலில் காது, பிறகு கண், அதன் பிறகே நிறம்.

என் இரண்டு சக்கரங்களும் கணீரென்றே ஒலித்தன. இரண்டு தடவை சுற்றித் தட்டினேன்.

*

செய்யக்கூடாதவை மூன்று. பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன்.

ஒன்று: பவுடர் கோட்டிங். இரும்புக் கேட்டுக்கும் ஜன்னல் கம்பிக்கும் அது அருமையான பூச்சு. ஆனால் அதை 180 முதல் 200 டிகிரி வரை அடுப்பில் வைத்து உருக்க வேண்டும். சாதாரண எபாக்சி அதற்குக் கீழேயே இளகத் தொடங்கிவிடும். சக்கரம் அடுப்பிலிருந்து வெளியே வரும்போது வடிவம் அப்படியே இருப்பதுபோல் தெரியலாம், பிடிப்பு போயிருக்கும்.

இரண்டு: பெயிண்ட் ரிமூவர். பழைய பெயிண்ட்டைக் கொப்புளிக்க வைத்து உரிக்கும் அந்தக் கரைசலுக்கு, எது பெயிண்ட், எது ரிம்மின் பிசின் என்று தெரியாது. இரண்டும் அதற்கு ஒன்றுதான்.

மூன்று: மணல் பீய்ச்சிச் சுத்தம் செய்வது. இரும்பு தாங்கும். இழை தாங்காது.

பழைய ஸ்டிக்கரை எடுக்க ஹீட் கன்னும் வேண்டாம். தலை காயவைக்கும் டிரையரின் சூடு போதும். கை பொறுக்கும் அளவுக்குச் சூடாக்கி, நகத்தால் மெல்ல உரித்தேன். மிஞ்சிய பசைக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால்.

*

தண்ணீர்.

தாத்தா கடைசி ஆறு வருஷம் உட்கார்ந்தபடியே தூங்கினார். படுத்தால் மூச்சு ஏறாது. பாறைத் தூசி. சிலிகோசிஸ் என்ற பெயரை நான் படித்துத் தெரிந்துகொண்டது பிறகு. வீட்டில் யாரும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. 'மைன்ஸ் இருமல்' என்றுதான் சொன்னார்கள்.

இந்தியாவில் சிலிகோசிஸ் முதன்முதலில் பதிவானது இங்கேதான், 1934-இல். 1940-இல் மைசூர் அரசு அதற்கென்றே விதிகள் வகுத்தது. அந்தப் பத்தாண்டில் ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தங்கச் சுரங்கத் தொழிலாளர்களைப் பரிசோதித்ததில் நூற்றுக்கு நாற்பது பேருக்கு மேல் அந்த நோய் இருந்தது. வடஆற்காட்டிலிருந்தும் சேலம், தர்மபுரி பக்கமிருந்தும் வந்த நம் ஆட்களின் நுரையீரல்கள் அவை.

பாறையைத் துளைக்கும்போது தண்ணீர் செலுத்தும் முறை வந்தது தூசியை அடக்கத்தான். உலர்ந்த தூசி மூக்குக்குப் போகும், நனைந்த தூசி தரைக்குப் போகும். ஒரு தலைமுறை மூச்சைக் கொடுத்து வாங்கிய பாடம் இது.

கார்பன் தூசி சிலிகா இல்லை. இழை குறுக்கே உடைந்து துண்டாகும். கல்நார்போல் நெடுக்காகப் பிளந்து மெலியாது. ஆனாலும் தோலில் பட்டால் அரிக்கும், தொண்டையை உறுத்தும். அதோடு கலந்து பறக்கும் பிசின் தூசியும் பெயிண்ட் தூசியும் யாருக்கும் நல்லதில்லை. அதனால் வாட்டர் பேப்பர், ஒரு வாளித் தண்ணீர், ஒரு சொட்டுப் பாத்திரச் சோப்பு. 600 நம்பரில் தொடங்கி 800-இல் முடித்தேன். பளபளப்புப் போய்ச் சாம்பல் பூத்ததுபோல் ஆனால் போதும். புதுப் பெயிண்ட் பிடித்துக்கொள்ள அந்தச் சொரசொரப்பே தேவை. தேய்த்த தண்ணீரைத் தெருவில் விடாமல், துணியில் வடிகட்டி, துணியோடு கட்டிக் குப்பையில் போட்டேன்.

ஒரு சக்கரத்துக்கு ஒரு மாலை ஆனது. இது வீட்டில் செய்யக்கூடிய வேலை. கூலிக்குக் கொடுத்தால் அவசரத்தில் மெஷின் வைத்துத் தேய்த்துவிடுவார்களோ என்ற பயமும் இருந்தது. இதை நானே செய்ததில் எனக்கு நிறைவு.

*

காற்று.

ஸ்ப்ரே அடிப்பதையும் வீட்டிலேயே முயலலாம் என்று, பழைய பிளாஸ்டிக் மட்கார்டு ஒன்றைக் கொல்லையில் தொங்கவிட்டு, டப்பா ஸ்ப்ரேயால் ஒரு கை அடித்தேன். காலை ஏழு மணி, இலை அசையவில்லை. அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் மட்கார்டு முழுக்க மணல்.

சயனைடு மேட்டுக்கு அருகே குடியிருக்கிறோம். பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண். நூற்றாண்டுக்கு மேல் கொட்டியது; மூன்று கோடி டன்னுக்கு மேல் நிற்கிறது. மாவாக அரைத்த மண் என்பதால் சின்னக் காற்றுக்கும் எழும்பும். 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. மேடு மூடப்படவில்லை. கோடையில் துவைத்த துணியையே வெளியே போட யோசிக்கும் தெருக்கள் இங்கே இருக்கின்றன.

ஈரப் பெயிண்ட் என்பது தூசி பிடிக்கும் பொறி. மட்கார்டில் கற்றுக்கொண்டேன், சக்கரத்தில் கற்றுக்கொள்ள நேரவில்லை.

*

பேரில் சயனைடு.

வண்டிப் பட்டறைகளில் 'பியு' என்று சொல்லும் பாலியூரத்தேன் பெயிண்ட், இரண்டு டப்பாவாக வரும். ஒன்றில் பெயிண்ட், மற்றதில் ஹார்டனர். கலந்தவுடன் வேதிவினை தொடங்கும். சில மணி நேரத்தில் கல்லாகும். வெயில், மழை, பெட்ரோல், கல் தெறிப்பு எல்லாம் தாங்குவது இதுதான். டப்பா ஸ்ப்ரே பெயிண்ட் வெறும் கரைப்பான் ஆவியாகிக் காய்வது. தின்னர் பட்டால் மறுபடி கரையும், சங்கிலி எண்ணெய் துடைக்கும்போதே மங்கும்.

அந்த ஹார்டனரில் இருப்பது ஐசோசயனேட். பேரைக் கேட்டதும் எங்கள் ஊர்க்காரர்கள் மேட்டைத் திரும்பிப் பார்ப்பார்கள். இது அந்த மேட்டுச் சயனைடு இல்லை. 1984 டிசம்பரில் போபாலில் கசிந்த மெத்தில் ஐசோசயனேட் இதன் உறவு. அதுவும் இதுவும் ஒன்று அல்ல, ஹார்டனரில் இருப்பது அவ்வளவு எளிதில் ஆவியாகாத வகை. ஆனால் ஸ்ப்ரே கன்னில் புகையாக அடிக்கும்போது அதுவும் மூச்சில் ஏறும். ஏறினால் ஆஸ்துமா வரக்கூடும். ஒருமுறை உடம்பு அதற்குப் பழி வைத்துவிட்டால், பிறகு துளி பட்டாலும் மூச்சு அடைக்கும். வாசனையை வைத்து உஷாராகவும் முடியாது. மூக்குக்குத் தெரியாத அளவே தீங்கு செய்யப் போதும்.

கொரோனா காலத்தில் வாங்கிய என்-95 இதைத் தடுக்காது. அது தூசிக்கு. இதற்குத் தேவை ரப்பர் விளிம்பு வைத்து, இரண்டு பக்கமும் கரி நிரப்பிய கார்ட்ரிட்ஜும் முன்வடிகட்டியும் மாட்டிய மாஸ்க். தாடி இருந்தால் விளிம்பு ஒட்டாது. கார்ட்ரிட்ஜுக்கு ஆயுள் உண்டு. திறந்து வைத்தால் சும்மா இருக்கும்போதே தீரும், மூடிய பையில் வைக்க வேண்டும். முழுப் பாதுகாப்பு வேண்டுமென்றால், வெளியிலிருந்து குழாய் வழியே நல்ல காற்றைக் கொண்டுவரும் மாஸ்க்தான். பெரிய தொழிற்சாலைகளின் பெயிண்ட் பிரிவில் அது இருக்கும், தெருமுனைப் பட்டறையில் இருக்காது.

நானே அடிப்பேன் என்ற நினைப்பில் கார்ட்ரிட்ஜ் மாஸ்க் ஒன்று வாங்கினேன். பெயிண்ட் கூலியில் பாதிக்கு மேல் அதற்கே ஆனது.

*

எடைக் கணக்கு. லேசான சக்கரத்துக்குக் காசு கொடுத்துவிட்டு அதன்மேல் பெயிண்ட்டைச் சுமத்தலாமா என்று நண்பர் கேட்டார். கணக்குப் போட்டேன்.

ரிம்மின் பக்கச் சுவருக்கு நடுவில் சுற்றளவு சுமார் 1.8 மீட்டர். ஆழம் 5 செ.மீ. இரண்டு பக்கம். மொத்தப் பரப்பு 0.18 சதுர மீட்டர். காய்ந்த பெயிண்ட்டின் தடிமன் 100 மைக்ரான் என்று வைத்தால் 18 கன சென்டிமீட்டர். எடை 20 முதல் 25 கிராம். இரண்டு சக்கரத்துக்கும் சேர்த்து 50 கிராமுக்குள். ஒரு சின்ன எலுமிச்சம்பழம்.

இது கைதேர்ந்தவர் மெல்லியதாக அடித்தால். வடிந்ததை மறைக்க இன்னொரு கை, தூசியை மறைக்க இன்னொரு கை, பட்டி வைத்துத் தேய்த்து இன்னொரு கை என்று போனால் இரண்டு மடங்காகும். ரிம்மின் எடை சக்கரத்தின் ஓரத்தில் இருப்பதால் மிதிக்கும்போது உணர முடியும் என்பார்கள். உணர்கிறேனோ இல்லையோ, மெல்லிய பூச்சே நல்ல பூச்சு. அதற்குப் பழகிய கை வேண்டும்.

*

எங்கெல்லாம் பெயிண்ட் படக்கூடாது:

டயர் உட்காரும் உள்பக்கம். டயர் சரியாகப் பிடிப்பது அந்த இடத்தின் துல்லியமான அளவைப் பொறுத்தது.

வால்வுத் துளை, கம்பிகளின் நிப்பிள்.

ஹப்பின் பேரிங் வாய்.

டிஸ்க் மாட்டும் இடம். டிஸ்க்கைக் கழற்றி வீட்டுக்குள்ளேயே வைத்துவிட வேண்டும். பெயிண்ட் தூறல் அதில் படிந்தால் பிரேக் பிடிக்காது.

பழைய வகை ரிம் பிரேக் சக்கரமாக இருந்தால், பிரேக் கட்டை உரசும் பட்டை. அதில் ஒரு துளிகூட ஆகாது. நந்தி மலையிலிருந்து இறங்கும்போது அந்தப் பட்டையில் ஏறும் சூட்டுக்குப் பெயிண்ட் இளகிக் கட்டையில் ஒட்டும்.

மாஸ்கிங் டேப்பை நானே ஒட்டினேன். 24 கம்பிக்கும் தனித்தனியே சுற்றினேன். கூலிக்கு யாரும் இவ்வளவு பொறுமையாக ஒட்டமாட்டார்கள். ஒட்டச் சொல்வதும் நியாயமில்லை.

*

கம்பியைக் கழற்றிவிட்டு அடித்தால் வேலை சுத்தமாக இருக்கும். ஆனால் திரும்பக் கோப்பது யார்? எங்கள் ஊர் சைக்கிள் கடைகளில் சக்கரத்தைச் சுழலவிட்டு, விரல் நகத்தை ரிம்மின் ஓரத்தில் வைத்தே கோட்டம் எடுப்பவர்கள் உண்டு. அந்த வித்தையை நான் மதிக்கிறேன். ஆனால் கார்பன் ரிம்மில் ஒரு கம்பியின் இழுவை 100 கிலோவுக்கு மேல் போகும். தயாரிப்பாளர் சொன்ன எல்லையைத் தாண்டினால் நிப்பிள் துளையில் விரிசல் விடும். மீட்டர் வைத்து அளக்காமல் இறுக்கக்கூடாது. மீட்டர் இல்லாததால் கழற்றவில்லை.

*

ராபர்ட்சன்பேட்டையில் பெயிண்டர் அண்ணன் ஒருவரைக் கண்டேன். கார், பைக் டேங்க், அம்பாசிடர் காலத்திலிருந்து அடிப்பவர். தகரத்தை மூன்று பக்கமும் அடைத்து, தரையில் தண்ணீர் தெளித்து வைத்திருந்தார். தூசி எழும்பாமல் இருக்க.

சக்கரத்தைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார்.

"இது பைபர் ஆச்சே தம்பி. ஹீட் தாங்குமா?"

முதல் கேள்வியே அதுதான். அந்தக் கேள்வியைக் கேட்டவரை நம்பலாம் என்று அப்போதே தோன்றியது. அறுபது டிகிரிக்கு மேல் போக வேண்டாம் அண்ணே என்றேன். "லைட்டுகூட வெக்க மாட்டேன். சும்மா காயட்டும், நாலு நாள் தொடாதே" என்றார்.

"சிலிகான் பாலிஷ் போட்டியா?" டயருக்குப் பளபளப்பு ஸ்ப்ரே அடித்திருந்தால் அதன் படலம் ரிம்மிலும் இருக்கும், பெயிண்ட் அங்கே ஒட்டாமல் அம்மைத் தழும்புபோல் குழி விழும். இரண்டு முறை ஆல்கஹாலால் துடைத்திருக்கிறேன் என்றேன். தன் துணியால் மூன்றாம் முறை துடைத்தார்.

"இன்னா கலர்? கோல்டா?"

எல்லோரும் அதையே கேட்கிறார்கள். தங்கவயல்காரன் தங்க நிறம்தான் பூசுவான் என்று. அண்ணனே மறுத்தார்: மெட்டாலிக் நிறத்தில் உலோகத் துகள் எந்தப் பக்கம் படுத்தது என்பதைப் பொறுத்துத் திட்டுத் திட்டாகத் தெரியும், வளைந்த ரிம்மில், கம்பிகளுக்கு நடுவே, கை ஒரே வேகத்தில் போகாது. வெறும் நிறம் என்றால் தப்பு மன்னிக்கும். வெளிர் சாம்பல் என்று முடிவு செய்தோம். அதில் மயிரிழை விரிசல் வந்தால் கறுப்புக் கோடாகக் கண்ணில் படும் என்பது என் கணக்கு.

ரிம் முழுக்க வேண்டாம் என்றும் சொன்னேன். நடுவில் ஒரு பட்டை மட்டும் நிறம். கம்பித் துளைகள் இருக்கும் உள்விளிம்பும், கல்லில் அடிபடும் வெளிவிளிம்பும் கண்ணாடிப் பூச்சு மட்டும். விரிசல் தொடங்கும் இடங்கள் அவை. நான் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டிய இடங்கள். படம் வரைந்து காட்டினேன். அண்ணன் படத்தைச் சுவரில் ஆணியில் குத்தி வைத்தார்.

*

அன்று அவர் ஒரு பைக் டேங்குக்கு பியு அடித்துக்கொண்டிருந்தார். மூக்கில் கட்டியிருந்தது கைக்குட்டை.

வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்தபோது, இத்தனை நாள் எழுதிய கேள்வியே அரைகுறை என்று தெரிந்தது. நானா, பெயிண்டரா என்று எழுதியிருந்தேன். ஹார்டனர் புகை என் நுரையீரலுக்கு ஆகாது என்று படித்துத் தெரிந்துகொண்டு, காசு கொடுத்து அதை இன்னொருவர் நுரையீரலுக்கு மாற்றிவிட இருந்தேன். இந்த ஊரில், தாத்தாக்களின் மூச்சு எங்கெங்கோ நகையாகப் போன ஊரில், அந்த மாற்றல் எப்படி நடக்கும் என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். தோண்டச் சொன்னவர்களும் கூலி கொடுத்தார்கள்.

*

மறுநாள் அந்தக் கார்ட்ரிட்ஜ் மாஸ்க்கை எடுத்துப் போனேன். என் சக்கரத்தை இதைப் போட்டுக்கொண்டுதான் அடிக்க வேண்டும் அண்ணே, பிறகு இது உங்களுடையது என்றேன்.

"கைக்குட்டை போதும் தம்பி, முப்பது வருஷமா இதான்."

இருமல் உண்டா என்று கேட்டேன். சிறிது நேரம் பேசவில்லை. "குளுருக்கு இருக்கும்" என்றார். பிறகு, "உங்க தாத்தா எந்த மைன்ஸ்?" என்றார். சாம்பியன் ரீஃப் என்றேன். அவருடைய அப்பா நந்திதுர்க். அதற்கு மேல் நான் எதுவும் விளக்க வேண்டியிருக்கவில்லை. மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, வாரை இறுக்கி, கார்ட்ரிட்ஜ் இரண்டையும் உள்ளங்கையால் மூடி மூச்சை உள்ளே இழுத்துப் பார்த்தார். விளிம்பு முகத்தோடு ஒட்டிக்கொண்டது.

பிரைமர் ஒன்று, நிறம் இரண்டு, கண்ணாடி இரண்டு. ஒவ்வொரு கைக்கும் இடையே பதினைந்து நிமிடம். நான் தகரத்துக்கு வெளியே, காற்று வரும் பக்கம் நின்றேன்.

*

ஸ்டிக்கர் பற்றி ஒரு வார்த்தை. மேல்பூச்சு நன்றாக இருந்து, நிறம் மட்டும் மாற வேண்டும் என்றால் பெயிண்ட்டே வேண்டாம். நம்பர் பிளேட்டுக்கு எழுத்து வெட்டித் தரும் கடையில் வினைல் வெட்டித் தருவார்கள். எடை சில கிராம். பிடிக்காவிட்டால் உரிக்கலாம், உரித்துவிட்டு ரிம்மைத் தட்டிப் பார்க்கலாம். யாருடைய மூச்சும் போகாது. புதுச் சக்கரம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு காரணம்: பெயிண்ட் அடித்தால் பல தயாரிப்பாளர்களின் வாரன்டி செல்லாது. என் சக்கரத்தின் பூச்சு வெளுத்துப் போகாமல் இருந்திருந்தால் நானும் இதையே செய்திருப்பேன்.

*

நாலு நாள் என்றார், ஏழு நாள் விட்டேன். டேப்பை உரித்தேன். ஒரே ஒரு தூசி, பின் சக்கரத்தில் வால்வுக்கு எதிரே. 2000 நம்பர் வாட்டர் பேப்பரால் தொட்டு, ரப்பிங் காம்பவுண்ட் வைத்துத் தேய்த்ததும் போனது. சமையல் தராசில் வைத்தேன்: இரண்டும் சேர்ந்து முன்பைவிட 31 கிராம் அதிகம். நாணயத்தால் மறுபடி சுற்றித் தட்டினேன், ஒலி மாறவில்லை.

*

நண்பர்கள் கேட்டால் சொல்ல, முடிவுகள்:

தட்டிப் பார்ப்பது, ஸ்டிக்கர் உரிப்பது, நனைத்துத் தேய்ப்பது, டேப் ஒட்டுவது, எங்கே பூசக்கூடாது என்று வரைந்து கொடுப்பது, இவை சொந்தக்காரரின் வேலை. சக்கரத்தின்மேல் ஏறிப் போகப்போவது நாம்.

கலப்பது, அடிப்பது, காயவைப்பது, இவை தொழில் தெரிந்தவரின் வேலை. ஒரு ஜோடிச் சக்கரத்துக்காகக் கம்ப்ரசரும் கன்னும் வாங்குவதில் லாபமில்லை. கை பழகுவதற்குள் சக்கரம் வீணாகும்.

சூட்டைப் பற்றிக் கேட்காத பெயிண்டரிடம் கார்பனைக் கொடுக்க வேண்டாம். அடுப்பில் வைக்கிறேன் என்பவரிடமிருந்து உடனே வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள்.

கூலி பேசும்போது மாஸ்க்கையும் சேர்த்துப் பேசுங்கள். அவரிடம் இல்லையென்றால் வாங்கிக் கொண்டு போங்கள். அந்தச் செலவு கட்டாது என்றால் நிறமும் கட்டாது, வினைல் ஒட்டிக்கொள்ளலாம்.

போன வாரம் அந்தப் பக்கம் போனேன். அண்ணன் ஒரு ஸ்கூட்டருக்கு அடித்துக்கொண்டிருந்தார். மாஸ்க் முகத்தில் இருந்தது. கார்ட்ரிட்ஜ் தீர்ந்துவிட்டதாம், புதிது எங்கே கிடைக்கும் என்று கேட்டார். நாளை ரயிலில் போகும்போது இரண்டு ஜோடி வாங்கி வர வேண்டும்.